அன்னிக்கு வந்துச்சே, இன்னிக்கு ஏன் வரல?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. மதியம் இரண்டேகால் இருக்கும். சாப்பிட்டுவிட்டு சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். மேசைமேல் இருந்த பாட்டிலில் தண்ணீர் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. தலை சுற்றுகிறதோ, பிரஷரோ என்று நினைத்தேன். பக்கத்து சீட்டுக்காரருக்கும் அதே சந்தேகம் போலிருக்கிறது, அவர் என் முகத்தைப் பார்த்தார். யாரோ "எர்த்க்வேக்!" என்று கத்தியதும் மொத்த மாடியும் படிக்கட்டை நோக்கி ஓடியது. கீழே போய்ச் சேர்ந்தபோது சாலை முழுக்கக் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கூட்டம். ஒருவர் கையில் பாதி சாப்பிட்ட டிபன் பாக்ஸ் இருந்தது. போன் யாருக்கும் போகவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மா கிடைத்தார். எங்கள் வீடு திருவல்லிக்கேணி, மெரினாவுக்கு நடந்துபோகிற தூரம். "சுனாமி எச்சரிக்கைன்னு டிவில ஓடுது. உங்கப்பா எங்க தெரியுமா? கடல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்னு கிளம்பிட்டாரு" என்றார். குரலில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.

நாலே காலுக்கு மேல் இன்னொரு அதிர்வு பற்றிச் செய்தி வந்தது. முதலாவது 8.6, இரண்டாவது 8.2. இரண்டுமே சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கடியில். ஊரே அலைக்காகக் காத்திருந்தது, அலை வரவில்லை. இருட்டியதும் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அப்பா சுண்டல் பொட்டலத்தோடு வீடு திரும்பியிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டார்:

"அதே இடம்தானேடா? அன்னிக்கு வந்துச்சே, இன்னிக்கு ஏன் வரல?"

"அன்னிக்கு இதைவிடப் பெரிசும்மா" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். பாதிதான் சரியான பதில் அது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள எனக்குச் சில வருடங்கள் ஆயின. நான் புவியியல் படித்தவனல்ல, கணக்கு எழுதிப் பிழைப்பவன். இருந்தாலும் இந்த ஒரு கேள்வி என்னை விடவில்லை.

'அன்னிக்கு' என்று அம்மா சொன்னது 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை 6:29-க்கு அங்கே பாறை முறிந்தது. சில நிமிடங்களில் இங்கே எங்கள் சமையலறை அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. அம்மா எலி என்று நினைத்தார். அப்பா வாக்கிங் முடித்து எட்டு மணிக்கு வந்துவிட்டார். ஒன்பது மணி வாக்கில் கடல் உள்ளே வந்தது. அந்த இரண்டரை மணி நேரம் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஓர் ஏற்பாடே அப்போது இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-ல்தான். அதற்குள் 14 நாடுகளில் ஏறத்தாழ 2,30,000 பேர் போய்விட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல்.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னதை முதலில் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்திருக்கிறது, அவை அடியிலுள்ள நெருப்புக் குழம்பின்மேல் மிதக்கின்றன என்றுதான் நான் எழுதி மார்க் வாங்கினேன். தட்டுகள் உண்மை. குழம்பு உண்மையில்லை. தட்டுகளுக்கு அடியில் இருப்பதும் பாறைதான், திடமானதுதான். சூடு மிகுதியால் கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது வழிந்து நகர்கிறது, அவ்வளவே. ரோடு போடும் இடத்தில் கொட்டிக்கிடக்கும் கெட்டித் தாரைப் பார்த்திருப்பீர்கள். சுத்தியலால் அடித்தால் சில்லாகத் தெறிக்கும். அப்படியே விட்டுவிட்டு ஒரு கோடைக்காலம் கழித்து வந்து பார்த்தால் பரவிக் கிடக்கும்.

தட்டை நகர்த்துவது எது என்பதிலும் எனக்கு ஒரு தப்பான படம் இருந்தது. ஏதோ அடியிலிருந்து தள்ளுகிறது என்று நினைத்திருந்தேன். பெரும்பகுதி வேலையைச் செய்வது தட்டின் சொந்த எடை. கடலடித் தட்டு வயதாக ஆகக் குளிர்ந்து கனத்துப்போகிறது. ஒரு முனை பூமிக்குள் இறங்க ஆரம்பித்தால் மீதியையும் அது இழுத்துக்கொண்டு போகும். ஈர வேட்டியைக் கொடியில் போடும்போது ஒரு பக்கம் நீளமாகத் தொங்கவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானே நழுவிக் கீழே விழுகிறதல்லவா, அதேதான்.

இந்த நகர்வு எவ்வளவு என்றால், நம் சென்னை வருடத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்கே போகிறது. நகம் வளரும் வேகம் என்று எல்லோரும் எழுதுவார்கள். நான் வேறு கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு இப்போது வயது 68. அவர் பிறந்ததிலிருந்து இந்த ஊர் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் நகர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டு ஹாலின் நீளம். ஒரு நாள்கூட அலமாரியில் ஒரு டம்ளர் விழவில்லை, ஏனென்றால் நாம் தட்டின் நடுவே இருக்கிறோம். மொத்தமும் சேர்ந்து சீராகப் போகிறது.

விளிம்பில்தான் சிக்கல்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு மேற்கே, அப்படியே தெற்கே இறங்கி சுமத்ரா, ஜாவா ஓரமாக, கடலுக்கடியில் நீண்ட பள்ளம் ஒன்று ஓடுகிறது. சுண்டா அகழி என்பார்கள். அங்கேதான் நம் பக்கத்துத் தட்டு அந்தப் பக்கத்துத் தட்டின் அடியில் நுழைகிறது. 'நுழைகிறது' என்றால் வெண்ணெயில் கத்தி போல என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் பாறை. மேல்தட்டும் கீழ்த்தட்டும் உரசும் பரப்பின் மேல்பகுதி கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. ஆனால் நடுவிலிருந்து வருகிற தட்டு நிற்பதில்லை, வருடத்துக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று வந்துகொண்டே இருக்கிறது. அப்போது மேல்தட்டின் முனையும் சேர்ந்து கீழே இழுபடுகிறது. முனை அமுங்க அமுங்க, அதற்குப் பின்னால் உள்ள நிலம் மெல்லப் புடைக்கிறது. இதுவே நூறு வருடம், இருநூறு வருடம், இன்னும் மேலேகூடத் தொடரும்.

பழைய ஸ்டீல் பீரோவை மொசைக் தரையில் தள்ளியிருக்கிறீர்களா? தள்ளத் தள்ள அசையாது. தோளைக் கொடுத்து முக்கினால் திடீரென்று 'க்ரீச்' என்று ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றுகொள்ளும். தட்டுகளின் எல்லையும் அந்த ஜாதிதான். நாம் தட்டின் நடுவே மாதத் தவணையாகக் கட்டுவதை அவர்கள் விளிம்பில் பாக்கி வைத்து மொத்தமாகக் கட்டுகிறார்கள். 2004-ல் கட்டிய தொகை, சில இடங்களில் 15 மீட்டருக்கும் மேல். முறிவின் நீளம் 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பைக்கு ரயிலில் போகும் தூரம். ரயிலுக்கு ஒரு நாள் ஆகும், முறிவுக்கு ஏறத்தாழ பத்து நிமிடம்தான் ஆயிற்று.

அதற்கு முன்னால் இப்படி ஒன்று எப்போது நடந்தது என்பதைத் தாய்லாந்தின் ஒரு தீவுச் சேற்றில் தோண்டிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2004 அலை கொட்டிவிட்டுப் போன மணலுக்குக் கீழே சேறு, அதற்கும் கீழே அதே மாதிரி இன்னொரு மணல் அடுக்கு. வயது 550-லிருந்து 700 ஆண்டுகள். யாருக்கும் நினைவில்லாததில் வியப்பில்லை. நம் கரைக்கு இடையில் ஒரு குட்டி எச்சரிக்கை வந்திருக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் பக்கம் ஒரு நிலநடுக்கம், அதன் சிறிய அலைகள் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களின் கடல்மட்டக் கருவிகளில் பதிவாகின. தாளில் கோடாகவே அது தங்கிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் போர்ட் பிளேர் போனேன் (இப்போது ஸ்ரீ விஜயபுரம். வாயில் இன்னும் பழையதுதான் வருகிறது). ஆட்டோ ஓட்டியவர் ராமநாதபுரம் பக்கம் பூர்வீகம், மூன்றாவது தலைமுறையாக அங்கே. ஊருக்கு வெளியே சிப்பிகாட் வழியாகப் போகும்போது சாலையோரம் பெரிய நீர்ப்பரப்பு. நடுவே பட்டுப்போன மரங்களின் மொட்டைத் தண்டுகள் நின்றன. கொக்குகள் உட்கார்ந்திருந்தன. நான் போட்டோ எடுக்க நிறுத்தச் சொன்னேன்.

"இது ஏரி இல்ல சார், வயல்" என்றார் அவர். "சுனாமிக்கு முன்ன நெல்லு போட்டாங்க. அலை வந்துட்டுப் போயிடுச்சு, தண்ணி மட்டும் போகவே இல்ல."

தண்ணீர் போகாததற்குக் காரணம், நிலம் இறங்கிவிட்டது. போர்ட் பிளேர் பகுதி அந்தக் காலையில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. இந்தியாவின் தென்கோடி முனையான இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் நிற்க ஆரம்பித்தது. அதே நிமிடங்களில் வட அந்தமானின் மேற்குக் கரையில் நிலம் உயர்ந்தது. பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் செத்து வெளுத்தன. ஒரே நிலநடுக்கத்தில் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். இழுபட்டிருந்த முனை விடுபட்டுத் துள்ளி எழுந்தது, அதன் பின்னால் புடைத்திருந்த பகுதி தளர்ந்து அமர்ந்தது. வயலுக்கும் பவளத்துக்கும் கணக்கு நேராகிவிட்டது.

அலையும் இதே கதைதான். எழுந்த முனை மேற்கே, நம் பக்கம் பார்த்து இருந்தது. தாழ்ந்த பகுதி கிழக்கே. அதனால் நம் கரைக்கு முதலில் மேடாக வந்தது அலை. தாய்லாந்துக்கு முதலில் பள்ளம் போயிற்று. அங்கே கடல் உள்வாங்கி மீன்கள் துடித்தன, பார்க்கப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அலையின் பலம் பெரும்பாலும் அகழிக்குக் குறுக்காகத்தான் பாயும் என்பதால், முறிவின் வடமுனைக்கு அருகே இருந்தும் வங்கதேசம் பெரிய சேதமில்லாமல் தப்பியது. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி நேர் எதிரே இருந்த நாம் தப்பவில்லை.

பவளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். சுமத்ராவுக்கு மேற்கே உள்ள தீவுகளின் ஆழமில்லாத கடலில் ஆட்டுக்கல் மாதிரி உருண்டையான ஒரு பவள வகை வளர்கிறது. வற்றுக் கடலின் மட்டம்வரை மேலே வளரும், அதைத் தாண்டினால் வெயில் பட்டு உச்சி செத்துவிடும். பிறகு பக்கவாட்டில் மட்டுமே அகலும், தட்டையான தொப்பி மாதிரி. தீவு மெல்ல அமுங்கினால் நீர்மட்டம் உயரும், பவளத்தின் ஓரம் மறுபடி மேலே வளர்ந்து தொப்பிக்கு விளிம்பு கட்டும். நிலநடுக்கத்தில் தீவு சட்டென்று எழும்பினால் அந்த விளிம்பும் செத்துப்போகும். குறுக்கே அறுத்தால் மரத்தில் போல வருட வளையங்கள். கெர்ரி சீ என்கிற அமெரிக்க நிலவியலாளரும் இந்தோனேசியாவின் டேனி நடாவிட்ஜாஜாவும் இந்தப் பவளங்களை அறுத்துத்தான் அங்கே 1797, 1833 ஆண்டுகளின் பெரிய நிலநடுக்கங்களை மீட்டெடுத்தார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு அமுங்கியது, எப்போது விடுபட்டது, எல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. பேரேடு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் தனிப் பொறாமை.

சரி, 2012-க்கு வருவோம். அம்மாவிடம் நான் சொன்ன "அன்னிக்குப் பெரிசு" என்கிற பதில் ஏன் பாதி மட்டும் என்றால், அதற்கு ஒன்றரை வருடம் முன்னால்தான், 2010 அக்டோபரில், அதே சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளில் ஒரு நிலநடுக்கம் வந்திருந்தது. அளவு 7.8. அதில் எழுந்த அலை நானூறு பேருக்கு மேல் கொன்றது. 2012-ல் வந்த 8.6 அதைவிடப் பல மடங்கு பெரியது. அது எழுப்பிய அலையோ சுமத்ரா கரையிலேயே ஒரு மீட்டர் அளவுதான்.

விஷயம், பாறை எந்தத் திசையில் நகர்ந்தது என்பது. 2004-லும் 2010-லும் கடலடி மேலே எழுந்தது, தலைமேல் இருந்த மொத்தக் கடலையும் தூக்கியது. 2012-ல் கடலடி பக்கவாட்டில் வழுக்கியது. குளியலறை பக்கெட்டில் தண்ணீரை வைத்து அடிப்பாகத்தைக் கீழிருந்து ஓங்கிக் குத்திப் பாருங்கள். அப்புறம் இன்னொரு பக்கெட்டின் அடியில் ஒரு தட்டையான தகட்டைப் போட்டு அதை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். (நான் செய்துபார்த்தேன். முதல் பக்கெட் விரிசல் விட்டதுதான் மிச்சம்.)

இன்னொரு விசேஷம், 2012-ல் முறிந்த இடம் எல்லையே அல்ல. அகழிக்கு மேற்கே, தட்டின் உள்ளே. இந்தோ-ஆஸ்திரேலியத் தட்டு என்று ஒரே பெயரில் நாம் படித்தது உண்மையில் இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கிறது. இந்தியப் பாதி வடக்கே இமயமலையில் முட்டி நிற்கிறது. ஆஸ்திரேலியப் பாதி சுண்டா அகழிக்குள் கொஞ்சம் தடையில்லாமல் இறங்குகிறது. ஒரே துணியின் ஒரு மூலை ஆணியில் மாட்டிக்கொண்டு, இன்னொரு மூலையை யாரோ இழுத்தால் நடுவில் கிழியத்தானே செய்யும்? அங்கே ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக நாலு பிளவுகள் அடுத்தடுத்து முறிந்தன. கருவிகளில் பதிவான பக்கவாட்டு நிலநடுக்கங்களில் அதுவே மிகப் பெரியது. புதிய எல்லை ஒன்று உருவாகிக்கொண்டிருக்கிறது, அது உருவாகி முடியப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும், அதன் ஒரு சின்ன முக்கலுக்குத்தான் நாங்கள் படிக்கட்டில் ஓடினோம்.

பாடப்புத்தகத்தில் எல்லைகள் மூன்று வகை: மோதுவது, விலகுவது, உரசிக்கொண்டு கடப்பது. மூன்றுக்கும் உலகின் மூன்று மூலைகளிலிருந்து உதாரணம் தருவார்கள். நம் வங்காள விரிகுடாவின் எதிர்க்கரையில் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

நம் தட்டு சுமத்ராவை நேராக மோதாமல் சாய்வாக மோதுகிறது. சாய்வான அந்த விசையில் நேர்ப்பங்கை அகழி எடுத்துக்கொள்கிறது. பக்கப்பங்கை வாங்கிக்கொள்ள, சுமத்ரா தீவின் முதுகெலும்பு மாதிரி 1,900 கிலோமீட்டருக்கு ஒரு பிளவு தரையிலேயே ஓடுகிறது. அது வடக்கே போய் அந்தமான் கடலுக்குள் இறங்குகிறது. அங்கே கடலடி விலகுகிறது. சுமார் 40 லட்சம் ஆண்டுகளாக அந்தக் கடல் நடுவில் திறந்து அகன்றுகொண்டிருக்கிறது. அங்கிருந்து இன்னும் வடக்கே மியான்மருக்குள் சகாயிங் பிளவாக, மறுபடி உரசல். நடுவே பாரன் தீவு, போர்ட் பிளேரிலிருந்து 135 கிலோமீட்டர் வாக்கில், இந்தியாவில் இன்று உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. அடியில் நுழையும் தட்டு தன்னோடு கடல்நீரையும் பாறைக்குள் கட்டி எடுத்துப் போகிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் கலந்தால், ஐஸ்மேல் உப்புப் போட்ட மாதிரி, உருக வேண்டிய வெப்பத்துக்கு முன்னாலேயே அது உருக ஆரம்பித்துவிடும். பள்ளிக்கூடத்தில் நான் தேடிய குழம்பு இங்கேதான் இருக்கிறது, அதுவும் கொஞ்சமாக.

சகாயிங் பிளவு 2025 மார்ச் 28 அன்று மண்டலை அருகே முறிந்தது. 7.7. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த ஓர் உயரமான கட்டடம் சரிந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. ஏதோ ஒரு வளாகத்தின் சிசிடிவி. ஒரு கேட், முன்னால் சிமென்ட் தரை. முதலில் எல்லாம் குலுங்குகிறது. பிறகு நிலத்தில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலம் முழுவதும், செடிகொடிகளோடு, வலதுபுறமாக வழுக்கிப் போய் நிற்கிறது. ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்: இரண்டரை மீட்டர், 1.3 நொடியில். எங்கள் சென்னைக்கு ஐம்பது வருடம் ஆகும் தூரம். இரண்டு தட்டுகளின் எல்லை இப்படிக் கண்ணெதிரே நகர்வதைப் படம்பிடித்த கேமரா அதற்குமுன் இருந்ததாகத் தெரியவில்லை. நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார்.

"மேல வரல. பக்கத்துல போகுது" என்றார்.

"ஆமாம்மா."

"அப்ப இது அன்னிக்கு நீ ஓடிவந்த வகை. கடல்ல நடந்தாலும் அலை வராது."

பதின்மூன்று வருடம் கழித்துக் கேள்விக்குப் பதில் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. 2018-ல் இந்தோனேசியாவின் பாலு நகரத்தில் பக்கவாட்டு நிலநடுக்கம்தான், 7.5தான், ஆனால் ஒடுங்கிய வளைகுடா, கரை சரிந்து கடலுக்குள் விழுந்தது, அலை எழுந்தது, நிலநடுக்கத்திலும் அலையிலுமாக நாலாயிரத்துக்கு மேல் செத்தார்கள் என்று சொன்னேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன? உங்கப்பா இன்னும் வாக்கிங் அங்கதான் போறாரு."